விசாலத்துக்குக் கிள்ளிய துரும்பு

அம்சவேணி அம்மாளுக்குப் பாராட்டு நடத்தப் போகிறார்களாம். பதினைந்து வருஷம் ஒரே மலையில், ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்ததற்கு. விழாவில் வாசிப்பதற்காக ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். துறையூர்க் கடைவீதியில் ஒருவர் அதை என்னிடம் காட்டினார். "மலைமக்களின் கல்விக் கண்ணைத் திறந்து வைத்த மாதரசி" என்று ஆரம்பிக்கிறது. படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுதினவர் கொல்லிமலையை அடிவாரத்தில் நின்றுகூட அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார். அந்த அம்மாள் யாருடைய கண்ணையும் திறக்கவில்லை. மலைக்காரர்கள் கண் எல்லாம் நன்றாகத் திறந்துதான் இருந்தது. திறக்காமல் கிடந்தது அந்த அம்மாளுடைய வாய். அதைத் திறக்க வைத்தவர்கள் மலைக்காரர்கள். இதை யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஜெய்லானி. வீடு துறையூரில். புளியஞ்சோலை வழியாக வாரம் ஒரு தடவை இரண்டு மட்டக்குதிரைகளில் உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் மலைமேல் கொண்டுபோய், மிளகும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு என்று என் மனைவி நஜிமா சொல்லுவாள். அது பொய். கொஞ்சம் இல்லை.

அம்சவேணி அம்மாள் ராசிபுரத்துக்காரர். அப்பா பத்திரம் எழுதுகிறவர். நகல் எடுக்க ஒரு கை தேவைப்பட்டது, அதனால் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பத்து வயதுக்குள் ஊர்க்காரர்களின் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, தத்து எடுத்த கதை எல்லாம் அந்தப் பெண் தன் கையால் எழுதி முடித்தாயிற்று. நாவல் எழுத இதைவிட வேறு என்ன படிப்பு வேண்டும்? பதினைந்தாம் வயதில் திருச்செங்கோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த அர்த்தனாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்த ஊர் மலையில் இருக்கிற சாமி தன் உடம்பிலேயே பாதியை மனைவிக்குக் கொடுத்தவர். அவர் பெயரை வைத்துக்கொண்ட இந்த மனிதர் வீட்டில் ஒரு பரண்கூடக் கொடுக்கவில்லை. அம்மாள் சமையல் முடிந்த நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாவல் எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அர்த்தனாரி அதைக் கண்டெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், தாள் தாளாகக் கிழித்துக் கடலை மடித்துக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம்கூட இல்லை. தாள் நல்ல கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

பத்தே நாளில் கடையில் ஒரு கூத்து நடந்தது. கடலை வாங்கினவர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, "ஏனுங்க, இதோட அடுத்த பக்கம் இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பல்லே இல்லாத ஒரு அம்மாள் தினம் இரண்டு பொட்டலம் வாங்கினாராம். வியாபாரி என்றால் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். நானாக இருந்தால் இன்னொரு நாவல் எழுது தாயே என்று காலில் விழுந்திருப்பேன். அர்த்தனாரிக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பெண்டாட்டி எழுதினதைக் கண்டவனெல்லாம் படிப்பதா என்று பேனாக்கட்டையை முறித்து அடுப்பில் போட்டார். மைக்கூட்டைச் சாக்கடையில் கொட்டினார்.

அப்பாவின் சாவுக்கு ராசிபுரம் போன அம்மாள் திரும்பிப் போகவில்லை. காதில் கிடந்ததை விற்றுச் சேலத்தில் வாத்தியார்ப் படிப்பு படித்தார். படித்து முடித்ததும், யாருமே போக மாட்டேன் என்கிற பள்ளிக்கூடம் எது என்று கேட்டாராம். கொல்லிமலையில் குண்டனி நாட்டில் ஒன்று இருக்கிறது, போன வாத்தியார்கள் மூன்று பேரும் குளிர்க்காய்ச்சல் என்று இறங்கிவிட்டார்கள் என்றார்களாம். அதுதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, முப்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் ஒரு தகரப் பெட்டியோடும் ஆண்பிள்ளைக் குடை ஒன்றோடும் மலை ஏறினார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரங்கூனில் இருக்கிறார் என்று ஒரே பதில்.

நான்தான் அவருக்குத் தபால்காரன். மலைமேல் தபால் போகாது, துறையூரில் வாங்கி நான் கொண்டுபோவேன். மூன்று வருஷத்தில் ரங்கூனிலிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. என்னை யாரும் ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். அம்மாள் குடையைப் பிடித்தபடி நின்று அழுதார், அப்புறம் எல்லாம் சொன்னார்.

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிருமுங்க சாயபு. புருஷனை உட்டுட்டு ஓடி வந்தவ பசங்களுக்குப் பாடம் சொல்லித் தாராள்னு அவரு ஜில்லா போர்டுக்கு ஒரு மனு எழுதிப் போட்டாப் போதும். எனக்கு இருக்கறது இந்த வேலை ஒண்ணுதானுங்க."

"என் வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்று சொன்னேன். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், சொல்லாமல் விட முடியாது.

பள்ளிக்கூடம் என்பது ஒரு புல்வேய்ந்த கொட்டகை. சாமையும் தினையும் கதிர் வைத்தால் குழந்தைகள் எல்லாம் கிளி விரட்டப் போய்விடும். முதல் வருஷம் பாதி நாள் அம்மாள் பாடம் நடத்தியது கொட்டகையில் ஒண்ட வந்த ஆடுகளுக்கு. அந்த நிலைமையை மாற்றியது அவர் எழுதும் விதம். கடலைப் பொட்டலத்துக்குப் பிறகு அவருக்குத் தாள் என்றாலே பயம். எழுதினால் எவனாவது கிழித்துவிடுவான் என்று கை நடுங்கும். அதனால் கதையைக் குழந்தைகளின் பலகையில் எழுத ஆரம்பித்தார். இருபத்திரண்டு பலகை, ஒரு பலகைக்கு ஒரு வாக்கியம். எழுதிப் பார்ப்பார், எச்சில் தொட்டு அழிப்பார், மாற்றுவார். சரியாக வந்தபிறகு சாயங்காலம் ஒரே மூச்சில் தாளில் நகல் எடுப்பார். குழந்தைகள் தங்கள் பலகையில் இருக்கும் வாக்கியத்தைப் படித்தே எழுத்துக் கற்றன. வேறு பாடப்புத்தகம் எதுவும் அங்கே இல்லை.

வீட்டுக்குப் போன குழந்தை தன் ஒரு வாக்கியத்தைச் சொல்லும். "விசாலம் கதவைச் சாத்திக்கொண்டாள்." அவ்வளவுதான். எதற்குச் சாத்திக்கொண்டாள்? அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பலகையில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் கிளி விரட்டப் போயிருந்தால் அந்த வாக்கியமே ஊரில் கிடையாது. கதையின் நடுவில் ஓட்டை விழும். தாய்மார்கள் கொதித்துப் போனார்கள். இரண்டே மாதத்தில் பிள்ளைகளை அவர்களே இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரியவர்களும் கூடுவார்கள், குழந்தைகள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் படிக்கும். நான் என் மலைப் பயணத்தையே செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். வியாபார வசதிக்காகத்தான்.

பாப்பாயிக்குப் பலகை தூக்கும் வயதில் பிள்ளை இல்லை. அதற்காகத் தன் அக்கா மகள் கண்ணாயியைக் கடனாக வாங்கி அனுப்பி வைத்தாள். பாப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும், மூன்றாவது புருஷனோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். முதல் இரண்டு பேரும் உயிரோடு நன்றாகத்தான் இருந்தார்கள், திருவிழாவில் பார்த்தால் நலம் விசாரிப்பாள். மலையில் இது ஒரு சமாசாரமே இல்லை. ஒத்துவரவில்லை என்றால் அந்த நாட்டுப் பெரியவர்களான நாட்டார் கூடுவார்கள், இரண்டு பக்கமும் கேட்பார்கள். நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியைப் புருஷன் கையிலும் ஒரு பாதியைப் பெண்டாட்டி கையிலும் கொடுப்பார். கையில் வாங்கிவிட்டால் தீர்ந்தது. யாரும் யாரையும் ஏசுவது கிடையாது.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் அம்மாள் விசாலத்தின் கதையைச் சொன்னார். திருச்சியில் ஒரு மாதப் பத்திரிகையில் அது தொடராக வந்தது. பத்திரிகையின் பெயர் வேண்டாம், அந்த ஆசிரியர் என்மேல் ஏற்கனவே கோபமாக இருக்கிறார். விசாலம் கதை எழுதுகிறாள், புருஷன் அதைக் கிழித்துக் கடலை மடிக்கிறான், பேனாவை அடுப்பில் வைக்கிறான். முதலில் மலைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாவது மாதம் சிரிப்பு நின்றது. ஐந்தாவது மாதம், புரட்டாசியில், நான் போனபோது கொட்டகைக்கு முன்னால் நாட்டார் கூடியிருந்தார்கள். யாருக்கு வழக்கு என்று கேட்டேன்.

"விசாலத்துக்குங்க" என்றாள் பாப்பாயி.

குண்டனி நாட்டுப் பட்டக்காரர் காளியண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். நிதானமான மனிதர். ஒரு வார்த்தை சொல்லுமுன் இரண்டு தடவை வெற்றிலை மென்று துப்புவார். பக்கத்துப் பைல் நாட்டிலிருந்தும் பதினோரு பேர் கூப்பிடாமலேயே வந்திருந்தார்கள். நாங்களும்தான் கதை கேட்கிறோம், எங்களை விட்டுவிட்டு நீங்கள் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று அவர்களுக்கு ஆத்திரம். அவர்களைச் சமாதானம் செய்து உட்கார வைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அது கதைங்க. விசாலம்னு யாரும் இல்லீங்க."

காளியண்ணன் துப்பிவிட்டு வந்தார். "கண்ணு, அந்த ஊட்டு அடுப்புக்கு எத்தனை வாய்னு சொன்னே. பேனாக்கட்டை எரியறப்ப என்ன வாசம் அடிச்சுதுன்னு சொன்னே. சும்மா சொல்றவங்களுக்கு வாசம் தெரியாது சாமி. அந்தப் பொண்ணு எங்கியோ இருக்குது."

பட்டக்காரர் தீர்ப்புச் சொன்னார். விசாலத்தின் பேரில் குற்றம் இல்லை, எழுதினதைக் கிழித்தது தப்பு, அந்தப் புருஷனோடு அவள் வாழ வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, சாமை வைக்கோலில் ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளினார். ஒரு பாதியை அம்மாளிடம் கொடுத்தார். "விசாலத்தைப் பார்த்தாக் குடுத்துரு." மறு பாதியை என்னிடம் நீட்டினார். "சாயபு, நீங்க கீழ் நாட்டுல நாலு ஊருக்குப் போறவங்க. அந்த ஆளு ஆம்பிட்டாக் குடுத்துருங்க."

என்ன சொல்ல முடியும்? விலை பேசும்போது காட்ட ஒரு பிடி மிளகு வைத்திருக்கிற தோல்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மாளுக்குப் பொறுமை போயிற்று. "நீங்க என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஆவாதுங்க. கடைசி அத்தியாயம் எழுதி முடிச்சாச்சு. விசாலம் கிணத்துல உழுந்து செத்துப் போறா."

அந்த அத்தியாயத்தை அவர் பலகையில் எழுதவில்லை, நேராகத் தாளில் எழுதியிருக்கிறார். குழந்தைகளின் கையில் அதைக் கொடுக்க வெட்கம் போலும்.

"ஏன் சாவோணும்?" என்றாள் பாப்பாயி.

"பத்திரிகையில அப்படித்தான் போடுவாங்க. புருஷனை உட்டுட்டுப் போனான்னு எழுதினாப் போட மாட்டாங்க."

"தீர்ப்பு ஆனதுக்கப்புறம் சாவக் கூடாதுங்க" என்றார் பட்டக்காரர். "அது நாட்டாருக்கு மரியாதை இல்லை."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழந்தையும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கிளி விரட்டவும் போகவில்லை, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தன. மூன்று வாரம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் போர்டில் பள்ளிக்கூடத்தை எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போனால் அம்மாள் எங்கே போவார்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கருவாட்டு மூட்டையை இறக்கிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். அம்மாள் குழந்தைகள் உட்காரும் காலி மணைகளைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கதைக்காக உள்ள வேலையைக் கெடுத்துக்கொள்வீர்களா அம்மா? அவள் செத்தால் என்ன, பிழைத்தால் என்ன, ஏதாவது ஒன்றை எழுதித் தொலையுங்கள்" என்றேன்.

"உங்களுக்குப் புரியலீங்க சாயபு. கிணத்துல உழுந்தவளை யாரும் தேட மாட்டாங்க. மலை ஏறிப் போயிட்டான்னு எழுதினா, தேடிட்டு வருவாங்க."

கருவாட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தால் நஜிமா, "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டாள். வாரா வாரம் நான் வந்து சொல்லும் கதைக்குக் காத்துக்கொண்டிருப்பவள். கிணறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மலை ஏறியபோது கொட்டகையில் ஒரே சத்தம். இருபத்திரண்டு பலகைக்கு முப்பது குழந்தைகள். அம்மாள் நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பலகையில் எழுதுகிற மாவுக்கல்லின் தூள். என்னைப் பார்த்து, "விசாலம் சாவலீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திரும்பவும் எழுதப் போய்விட்டார். பயந்துகொண்டே எழுதினார் என்பது அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் எழுதினார். அதற்காகத்தான் அவரை நான் மதிக்கிறேன், கல்விக் கண்ணுக்காக இல்லை.

அந்தக் கடைசி அத்தியாயத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். விசாலம் வீட்டை விட்டுக் கிளம்பி, புளியஞ்சோலை வழியாக ஒரு மலை ஏறி வாத்தியாராகிறாள். பத்திரிகை ஆசிரியருக்கு மாற்றி எழுதச் சொல்ல அவகாசம் இல்லை, அப்படியே போட்டார். மேலே ஒரு கட்டம் கட்டி, "இம்முடிவில் நமக்கு உடன்பாடு இல்லை" என்று அச்சடித்திருந்தார். அதைப் பார்த்தே நிறையப் பேர் வாங்கினார்கள் என்று கேள்வி.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அந்த அத்தியாயத்தில் இரண்டு மட்டக்குதிரைகளோடு ஒரு வியாபாரி வருகிறார். "சிடுசிடுப்பானவர், ஆனால் சொன்ன சொல் தவறாதவர்" என்று எழுதியிருந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆறு பிரதி வாங்கினேன். துறையூரில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இது நான்தான்" என்றேன். சொன்ன சொல் தவறாதவன் செய்கிற வேலையா இது?

தை மாதம் ஒரு நாள் ஒருவர் கடைவீதியில் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையில் பத்திரிகை. மடித்து மடித்து மூலையெல்லாம் கிழிந்திருந்தது. "கதையில வார வியாபாரி நீங்கதானுங்களா? அந்தக் கதை எழுதினவங்களைப் பார்க்கோணும்" என்றார். வாசகர். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அம்மாளைப் பார்க்க ஒரு வாசகர் வந்திருக்கிறார் என்று நான் பூரித்துப் போனேன். என் குதிரை ஒன்றிலேயே ஏற்றினேன். வழியெல்லாம் கதையை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இப்படியும் ஒரு ரசிகரா என்று வெல்லமும் தண்ணீரும் கொடுத்தேன். பாதி மலையில், "அவ அங்க நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

"யாருங்க?"

"விசாலம்."

கதையில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. புதுக் கதை கேட்க ஊரே கொட்டகையில் இருந்தது. அம்மாள் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பலகை கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

"பெட்டியை எடு, போலாம்" என்றார் அர்த்தனாரி. "ஊர்ல நான் தலை காட்ட முடியலை. கடைக்கு வாரவனெல்லாம் கடலை வேண்டாம், விசாலத்தைக் குடுங்கறான். வந்து, நான் எழுதினது அத்தனையும் பொய்னு அதே பத்திரிகையில எழுது. வரலீன்னா போர்டுக்கு மனுப் போடுவேன்."

பட்டக்காரர் காளியண்ணன் எழுந்து வந்தார். "நீங்க யாருங்க?"

"இவ புருஷன்."

"எங்க வாத்தியாரம்மா புருஷன் ரங்கூன்ல இருக்காருங்களே."

"ரங்கூனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான்தான் புருஷன்."

"அதுக்கு என்னங்க சாட்சி?"

அர்த்தனாரி சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை உருவினார். "இதோ சாட்சி. இந்த விசாலம் இவதான். இந்தக் கடலை மடிச்சவன் நான்தான். பேனாவை அடுப்புல வச்சவனும் நான்தான்."

"கதையில இருக்கறது அத்தனையும் நடந்ததுங்களா?"

"வரிக்கு வரி நடந்தது."

பட்டக்காரர் நிதானமாக ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சாயபு, அந்தத் துரும்பு உங்ககிட்டத்தானே இருக்குது."

தோல்பையைக் கவிழ்த்தேன். மிளகோடு சேர்ந்து விழுந்தது. எடுத்து ஊதிக் கொடுத்தேன். பட்டக்காரர் அதை அர்த்தனாரியின் கையில் வைத்தார். அவர் என்னவோ ஏதோ என்று வாங்கிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"உங்க வழக்கு போன புரட்டாசியிலயே தீர்ந்துதுங்க. நாலு மாசமா ஆளு கிடைக்காம வச்சிருந்தோம். நீங்களே தேடி வந்து வாங்கிக்கிட்டீங்க."

அர்த்தனாரி முழித்த முழியை எழுத எனக்குத் திறமை போதாது, அம்மாள்தான் எழுத வேண்டும். புரிந்ததும் துரும்பைத் தூக்கி வீசினார். "இந்தக் காட்டு நாயம் எனக்கு வேண்டியதில்லை."

"கையில வாங்கியாச்சுங்க. இனி வீசினா என்ன, தின்னா என்ன" என்றாள் பாப்பாயி.

அம்மாள் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது பெட்டியைத் திறந்து, நோட்டுக்குள் வைத்திருந்த தன் பாதித் துரும்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"விசாலம் நான்தானுங்க" என்றார், அவரைப் பார்த்து இல்லை, ஊரைப் பார்த்து. அப்புறம் அவர் பக்கம் திரும்பினார். "எனக்கு உங்க மேல ஒரே ஒரு கோபந்தானுங்க. அத்தனை பொட்டலம் மடிச்சீங்க. ஊரே பிரிச்சுப் படிச்சுது. நீங்க ஒண்ணைக்கூடப் படிக்கலீங்க."

அர்த்தனாரி பத்திரிகையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இறங்கிப் போய்விட்டார். நான் குதிரை கொடுக்கவில்லை. கொடுத்த வெல்லத்தையும் திருப்பிக் கேட்டிருப்பேன், தின்றுவிட்டார்.

ஆனால் மனு என்று ஒன்று பாக்கி இருந்தது. துரும்பும் பட்டக்காரரும் மலைக்குத்தான், போர்டு ஆபீசுக்கு இல்லை. அது அம்மாளுக்கும் தெரியும். இரண்டு மாதம் தகரப் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு கடுதாசியையும் பிரிக்குமுன் தூக்கிப் பார்த்து உறையில் போர்டு முத்திரை இருக்கிறதா என்று தேடுவார். அந்த இரண்டு மாதமும் நான் யாரோடும் சண்டை போடவில்லை. நஜிமா பயந்துபோய் எனக்கு ஓதிப் பார்த்தாள்.

பங்குனியில் அர்த்தனாரி மறுபடியும் துறையூருக்கு வந்தார். இந்தத் தடவை விறைப்பு இல்லை. என் முன்னால் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அந்தத் துரும்பு கிடைக்குமுங்களா?" என்றார்.

சங்ககிரியில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா கெட்டிக்காரர். முதல் பெண்டாட்டி விவகாரம் தீர்ந்ததற்கு அத்தாட்சி காட்டு, நாளைக்கு அவள் வந்து நின்றால் என் மகள் கதி என்ன என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாட்டு ஜனங்களின் முன்னால் தீர்ந்தது என்று இவர் சொல்ல, அந்தத் துரும்பைக் கொண்டுவா என்று அவர் சொல்லிவிட்டார்.

"மனு என்ன ஆச்சு?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பாமலேயே வைத்திருக்கிறார். "எழுதிக் குடுத்தவன், நீங்க அந்தக் கடலைக்காரருங்களான்னு கேட்டான். போர்டுலயும் கேப்பாங்கன்னு தோணுச்சு" என்றார். எனக்கு அவர்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன், இரக்கம் வேறு, வியாபாரம் வேறு.

மலைக்குப் போய்ச் சொன்னேன். அம்மாள் மனுவை இரண்டு தடவை படித்தார், அப்புறம் தகரப் பெட்டியின் கட்டை அவிழ்த்தார். பாப்பாயி கொட்டகைக் கூரைக்குள் கையை விட்டு அந்தப் பாதித் துரும்பை உருவினாள். அவர் வீசிய அன்றைக்கே பொறுக்கிச் செருகி வைத்திருக்கிறாள். "திரும்பி வருவாருன்னு தெரியுமுங்க. என்னோட ரெண்டாமவரும் அப்படித்தான் வந்தாரு" என்றாள்.

துரும்பு தொலைந்துவிடக் கூடாதே என்று அம்மாள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதில் வைத்து, கூம்பாகச் சுருட்டி மேலே மடித்துக் கொடுத்தார். கடலைப் பொட்டலம் மாதிரியே இருந்தது. கடைக்காரர் வீட்டில் ஆறு வருஷம் இருந்தவர் அல்லவா.

பொட்டலத்தை அர்த்தனாரியிடம் கொடுத்தேன். பிரித்தார். துரும்பை எடுத்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். தாளைக் கசக்கப் போனவர், அதில் எழுத்து இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பத்திரிகையில் வராத அந்த அத்தியாயம். விசாலம் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்கு நடக்கிறாள், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். அதோடு தாள் முடிந்தது.

அர்த்தனாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் முன்பக்கம் கடைசி வரியைப் படித்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, இதோட அடுத்த பக்கம் இருக்குங்களா?"